வெளியில் நிற்கும் மரம்

மண்ணில் நட்ட மரக்கால் முதலில் உளுத்துப்போவது தரைமட்டத்தில்தான். மேலே காற்று ஈரத்தை உலர்த்திவிடும். ஆழத்தில் பூஞ்சைக்குக் காற்று போதாது. இடைப்பட்ட ஒரு சாண் உயரத்தில் இரண்டும் கிடைக்கின்றன. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. கரையானுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

இயல்பிலேயே எளிதில் மக்காத மரம் ஆந்திர எல்லை மலைகளில் இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரத்தின் வைரத்தைக் கரையான் தொடுவதில்லை. ஆனால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் 1995 முதல் உள்ள மரம் அது. அனுமதியின்றி வெட்டுவது குற்றம். எனவே வீட்டு வேலைக்கு அதை நினைக்க வேண்டியதில்லை. தேக்கும் வேங்கையும் தாங்கும், வைரம் பாய்ந்திருந்தால் மட்டும். இளந்தேக்கின் வெளிறிய வெளிப்பகுதி சவுக்கைப் போலவே இற்றுப்போகும். தேக்கு என்ற பெயருக்காகக் கொடுக்கும் காசு வீண்.

பனையில் எல்லாம் தலைகீழ்: வைரம் வெளியே, சோறு உள்ளே. உள்ளிருக்கும் சோற்றை மிச்சமில்லாமல் செதுக்கி எடுத்த முதிர்ந்த பனங்கை, கூரைக்கடியில் தலைமுறைகள் நிற்கும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தபின், இடித்த பழைய வீடுகளின் பனங்கைகளைத் தேடி வாங்குவதே நல்ல வழி.

மருந்தேற்றிய மரத்துக்கு இந்தியாவில் பெரிய வரலாறு உண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர் சொண்டி காமேசம். உலகெங்கும் மின்கம்பங்களைக் காத்தது அது. உலர்ந்த மரத்தை உருளைத் தொட்டியில் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, மருந்தை அழுத்தத்தில் செலுத்துவார்கள். வெளிமரம்தான் அதைக் குடிக்கும், வைரம் குடிக்காது. ஆகவே சவுக்கு, தைலமரக் கம்புகளுக்கே இம்முறை அதிகப் பயன் தரும். வாங்கியபின் அறுத்த முனையை மண்ணுக்குள் வைக்கக் கூடாது. அறுத்த முகத்தில் செம்பு மருந்தைப் பூச வேண்டும். ஆர்சனிக் காரணமாக அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு இம்மருந்தை ஏற்றுவது 2003 முடிவோடு நின்றது. அப்படிப்பட்ட மரத்தின் துண்டுகளை அடுப்பில் வைப்பது நஞ்சைப் புகைப்பதுதான்.

வண்டிக் கழிவு ஆயில் பூசுவது ஊர்ப்பழக்கம். அது மேற்பரப்போடு நின்றுவிடும், மண்ணையும் கெடுக்கும். போராக்ஸ் கரைசல் மழையில் கரைந்துபோகும், கூரைக்கடியில் மட்டும் பயன்படும். கூரை மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் நல்லது, ஆனால் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும்.

எந்த மருந்தையும்விடப் பெரிய உதவி, மரத்தை மண்ணிலிருந்து தூக்கி வைப்பது. பழைய திண்ணைத் தூண்கள் கருங்கல் பீடத்தில் நிற்பது அழகுக்காக மட்டுமல்ல. கருங்கல் கிடைக்கும் ஊரில் பந்தலுக்குக் கல்கால் நட்டு, மேலே மட்டும் மரம் போடலாம். மரக்காலே வேண்டுமென்றால் குழியில் நட்டுக் கான்கிரீட் ஊற்றக் கூடாது. மரம் காய்ந்து சுருங்கியதும் விழும் இடைவெளியில் மழைநீர் தேங்கும். கான்கிரீட்டில் துத்தநாகப் பூச்சுள்ள இரும்புப் பிடியைப் பதித்து, தரைக்கு இரண்டு அங்குலம் மேலே காலை நிறுத்தி, உச்சியைச் சரிவாகச் சீவிவிட வேண்டும். செம்பு மருந்து வெறும் இரும்பை அரிக்கும். ஆணியும் போல்ட்டும்கூடத் துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும்.