டிராக்டர் என்ஜினில் தூசி புகும் வழி

டிராக்டரில் ஆயில் அடிக்கடி குறைந்து, சைலன்ஸரில் நீலப்புகை வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கக் கூடும். இவற்றை மாற்றுமுன் தேய்மானத்தின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். இல்லையேல் செலவு செய்து போட்ட புதிய லைனரும் விரைவில் தேய்ந்துவிடும்.

ஏர் கிளீனரைத் தாண்டிய ரப்பர் ஹோஸ், கிளாம்ப், இன்டேக் மேனிபோல்டு, அதன் கேஸ்கட் ஆகியவற்றில் கசிவு இருந்தால், வடிகட்டாத காற்று புழுதியுடன் நேரே உள்ளே செல்கிறது. பெட்ரோல் காரில் இத்தகைய கசிவு ஏற்பட்டால் ஐடிலிங் தடுமாறும், உடனே தெரிந்துவிடும். டீசல் என்ஜினின் வேகத்தை எரிபொருளின் அளவே கட்டுப்படுத்துவதால், கசிவு இருந்தாலும் அது வழக்கம்போல் ஓடும். ஆகவே நாமே சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை முறை

1. என்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனருக்கு அடுத்துள்ள ஹோஸைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்கவும். புழுதி ஒட்டினால் ஏர் கிளீனரிலோ, இணைப்பிலோ கோளாறு உள்ளது.

2. டர்போ இல்லாத என்ஜினாயின், ஹோஸை மாட்டி, மெதுவாக ஓடவிட்டு, ஏர் கிளீனரின் வாயைத் தட்டையான பலகையால் சில நொடிகள் மூடவும். கையால் மூடக் கூடாது. என்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு வழியில் காற்று புகுகிறது.

3. ஹோஸில் வெடிப்பு, கிளாம்பில் தளர்ச்சி உள்ளதா எனப் பார்க்கவும். அவை சரியாக இருந்தால் மேனிபோல்டின் நட்டுகளையும் கேஸ்கட்டையும் கவனிக்கவும்.

கேஸ்கட் மாற்றும்போது

என்ஜின் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைத்துக்கொண்டு, பழைய கேஸ்கட்டைக் கீறல் விழாமல் சுரண்டி எடுக்கவும். பிறகு துணியை மறவாமல் அகற்றவும். அந்த மாடலுக்குரிய புதிய கேஸ்கட்டையே போட வேண்டும். பழையதை மீண்டும் பயன்படுத்தலாகாது. நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாகச் சீராக முடுக்கவும்.

ரேடியேட்டர் தண்ணீரில் தொடர்ந்து குமிழிகள் வருவதும், ஆயில் பால்போல் வெளுப்பதும் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் கோளாறின் அறிகுறிகள். அந்நிலையில் டிராக்டரை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டவும்.

ஆயில் உள்ள ஏர் கிளீனராயின், அதன் கிண்ணத்தில் ஆயில் குறியளவு உள்ளதா என்று தினமும் வேலைக்கு முன் பார்ப்பது நல்லது. ஆயில் சேறாகிவிட்டால் உடனே மாற்றவும்.