தொண்டைமான்: பெயர் வழக்கும் குடிவழியும்

தமிழரிடையே இன்று அருகி வழங்கும் குடும்பப் பெயர்களுள் 'தொண்டைமான்' ஒன்று. தொண்டை என்பது கோவைக் கொடி. அதன் பெயரால் ஒரு நாடும், அந்நாட்டை ஆண்டோரும் வழங்கப்பெற்றனர். சேரமான், அதியமான் என்பவற்றிலும் காணப்பெறும் 'மான்' என்னும் ஈற்றினை 'மகன்' என்பதன் மரூஉ என்பர்.

புறநானூற்றின் 95ஆம் பாடல், ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடியது. பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். இவ்விரண்டிலும் இது நாடாள்வோனைக் குறிக்கும் பெயராகும். கலிங்கத்துப்பரணி பாடும் கருணாகரத் தொண்டைமானோ முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன். ஆங்கு இது சிறப்புப் பெயராக நிற்கிறது. 1948 வரை புதுக்கோட்டையை ஆண்ட மரபினர் தலைமுறைதோறும் இதனைத் தம் பெயருடன் தாங்கினர். குடும்பப் பெயராக இது நிலைபெற்றமைக்கு அதுவே சான்று. இலங்கை மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் (1913–1999) பெயரில் ஐகாரம் அகரமாயிற்று.

ஆட்சிப் பெயர், சிறப்புப் பெயர், குடும்பப் பெயர் என நிலை மாறி வந்த ஒரு சொல்லைக்கொண்டு, அதனைத் தாங்கிய அனைவரையும் ஒரே குருதிவழியினராகக் கொள்ளுதல் பொருந்தாது. பெயரொப்புமை ஆய்வின் தொடக்கமாகலாம். குடிவழியை நிறுவுதற்குக் கல்வெட்டு, செப்பேடு முதலிய தனிச் சான்றுகள் வேண்டும்.