விளைநிலமும் எல்லைக்கோடும்

நுழையும்முன்

நகரங்கள் வளர்வது இயல்பு. ஆனால், அவ்வளர்ச்சி எத்திசையில் செல்ல வேண்டும், எந்த நிலத்தைத் தொடாமல் விட வேண்டும் என்பவற்றை முடிவு செய்வது யார்? சந்தை விலையா, சமூகமா? இவ்வினாவுக்கு விடை தேடிய இரு நிலப்பகுதிகளின் பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மீளாத மாற்றம்

வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என வகுத்தது தமிழ் மரபு. நீர்வளம் நோக்கி நிலத்தை நன்செய், புன்செய் எனப் பகுத்தனர். ஓர் ஏரியின் நீர் பாயும் பரப்பை ஆயக்கட்டு என்றனர். இச்சொற்கள் நிலத்தை விலையால் அளக்கவில்லை, விளைவால் அளந்தன.

ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூறாண்டுகளும் அதற்கு மேலும் ஆகக்கூடும். அம்மண்ணின் மேல் கிராவல் கொட்டி மனைகளாக்கச் சில நாள்களே போதும். இழப்பு அந்த ஒரு வயலோடு நிற்பதில்லை. வாய்க்கால் அடைபட்டால் அடுத்த வயலுக்கு நீர் வராது. வடிகால் தூர்ந்தால் மழைநீர் வடியாது. பயிர் செய்ய இயலாத அந்நிலமும் விரைவில் விற்பனைக்கு வருகிறது.

நகரின் விளிம்பில் மனையின் விலை, விளைச்சல் தரும் வருவாயைவிடப் பன்மடங்கு மிகுதி. கடனுக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ நிலத்தை விற்கும் உழவரைக் குறைகூற இயலாது. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு விற்பனையும் நியாயமானதே. அவை ஒன்றுசேரும்போதுதான் ஓர் ஊரின் வேளாண்மை மறைகிறது. தனியொருவரால் தடுக்க இயலாத இவ்விழப்பைத் தடுக்கவே நிலப்பயன்பாட்டுக் கொள்கை தேவைப்படுகிறது.

ஓரிகன் வரைந்த கோடு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள வில்லாமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வளமான வேளாண் பகுதி. அம்மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லாந்தும் அங்கேதான் உள்ளது. வீடுகள் வயல்களுக்குள் பரவுவதைக் கண்ட அம்மாநிலம், ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில் 1973ஆம் ஆண்டு ஒரு சட்டத்தை இயற்றியது. அதன் வழியே ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி வளர்ச்சி எல்லை ஒன்றை வரையறுக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 20 ஆண்டுகளின் தேவைக்குரிய நிலம் எல்லைக்குள் அடங்கும். அதற்கு வெளியே, வேளாண்மைக்கென வரையறுக்கப்பட்ட நிலத்திற்கு வேளாண் பயன்பாட்டின் மதிப்பிலேயே சொத்து வரி கணக்கிடப்படும்.

எனினும், எல்லைக்கு வெளியே நிலம் வைத்திருந்தோர் பலர், பொதுநலனுக்காக ஏற்படும் இழப்பைத் தாம் மட்டும் சுமப்பது முறையா என வினவினர். அரசு இழப்பீடு தரவேண்டும், இல்லையேல் கட்டுப்பாட்டைத் தளர்த்தவேண்டும் என்னும் சட்டம் 2004ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. 2007இல் நடந்த மற்றொரு வாக்கெடுப்பு அச்சட்டத்தின் வீச்சைக் குறைத்தது. கோட்டை வரைவதைவிட, அதன் சுமையைப் பகிர்வதே கடினம் என்பதை ஓரிகன் உணர்த்தியது.

கேரளத்தின் படிப்பினை

இதே வினாவை அண்டை மாநிலமான கேரளமும் எதிர்கொண்டது. 1970களில் அங்கு 8 இலட்சம் எக்டேருக்கு மேலிருந்த நெல் சாகுபடிப் பரப்பு, 2010ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2 இலட்சம் எக்டேராகச் சுருங்கியது. இந்நிலையில், 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எஞ்சிய வயல்களைப் பட்டியலிட்டுக் கண்காணிக்க, உழவர்களும் இடம்பெறும் உள்ளூர்க் குழுக்கள் அமைக்கப்பட்டன. வேறு நிலமற்றோர் சொந்த வீடு கட்டிக்கொள்ள வரம்புக்குட்பட்ட விலக்கும் தரப்பட்டது.

2018ஆம் ஆண்டின் திருத்தம், பட்டியலில் இடம்பெறாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்ற வழி செய்தது. ஆதலால், பட்டியல் பிழையின்றி அமைவது ஒரு வயலின் வாழ்வுக்கே இன்றியமையாததாயிற்று.

2020இல் கேரள அரசு, நெல்வயலை மாற்றாது காப்போருக்கு எக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. மனை விலையோடு ஒப்பிட இத்தொகை மிகச் சிறிது. ஆயினும், அதன் பின்னுள்ள கருத்து பெரிது. வயல் நெல்லை மட்டும் தருவதில்லை. மழைநீரைத் தேக்குகிறது, நிலத்தடி நீரைப் பெருக்குகிறது. அதன் பயனை நகரத்தாரும் துய்க்கின்றனர். எனவே, வயலைக் காப்பவருக்குச் சமூகம் கடன்பட்டுள்ளது என்பதை அத்தொகை ஒப்புக்கொள்கிறது.

நிலமும் உழவரும்

எல்லைக்கோடு இல்லையெனில் விளைநிலம் விலைக்கு இரையாகும். கோடு மட்டும் இருந்து உழவருக்கு வருவாய் இல்லையெனில் அந்நிலம் தரிசாகும். நீரும் நியாயமான விலையும் உழவருக்குக் கிடைக்கச் செய்வதும் நிலப்பாதுகாப்பின் பகுதியே. நிலத்தையும் உழவரையும் சேர்த்துக் காக்கும் கொள்கையே நிலைபெறும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி, ஒரு பகுதிக்கான முழுமைத் திட்டம் இறுதி செய்யப்படுமுன் அதன் வரைவு குறித்துப் பொதுமக்களின் கருத்துகளும் மறுப்புகளும் கேட்கப்படும். எந்த நிலம் வேளாண்மைக்கு, எந்த நிலம் குடியிருப்புக்கு என்பதை அத்திட்டமே வகுக்கிறது. அவ்வரைவைப் படித்துக் கருத்துரைப்பது குடிமக்களின் உரிமையாகும்.