காட்டொளியும் கருவியும்

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996), காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் படம்பிடித்தவர். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த கனத்த ஒளிப்படக் கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ எனப் பெயரிட்டார்; பெயரிலேயே அவர்தம் குறும்பு புலப்படுகிறது.

அடர்காட்டில் ஒளி குறைவு. ஷட்டரை 1/30 நொடி திறந்துவைத்தால் ஒளி கூடுதலாகக் கிட்டும். ஆனால், அசையும் விலங்கின் உருவம் கலங்கிவிடும். பறவையின் சிறகசைவை நிறுத்த 1/1000 நொடியேனும் வேண்டும். அவ்விரைவில் படம் இருளாமலிருக்க லென்சின் துளையை அகலத் திறப்பர். அப்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் சுருங்கும். அலகு தெளிந்தால் வால் மங்கும். எனவே, குவியத்தைக் கண்ணில் நிறுத்துவதே வழக்கம்.

அடைகாக்கும் பறவையிடம் இக்கணக்குச் செல்லாது. படமெடுப்பவர் நெருங்கினால் தாய் எழுந்து பறந்துவிடும். காப்பற்ற முட்டைகள் வெயிலில் சூடேறும், காக்கைக்கும் இரையாகும்.