‘மீதியில்’ என்ற சொல்லில் போகும் மதிப்பெண்

அமராவதி நகர் சைனிக் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் மொத்தம் 300 மதிப்பெண். அதில் பாதி, 150, கணக்குக்கு: 50 கேள்விகள், தலா 3 மதிப்பெண். நுண்ணறிவு, மொழி, பொது அறிவு ஒவ்வொன்றுக்கும் 50தான். தடித்தடியாகப் பொது அறிவுப் புத்தகம் வாங்குகிற காசுக்கு ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்குங்கள்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் போதாது. விகிதம், லாப நட்டம், சதவீதம், தனிவட்டி எல்லாம் கேட்பார்கள். ஆறு, ஏழாம் வகுப்புப் புத்தகங்களையும் எடுத்து வையுங்கள். வாய்ப்பாடு 20 வரை. இதில் பேரமே கிடையாது.

சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகள் கூட்டல், பெருக்கலெல்லாம் சரியாகத்தான் போடுகிறார்கள். வாக்கியக் கணக்கு வந்தால் வழுக்கிவிடுகிறது. இதைக் கொடுத்துப் பாருங்கள்:

ஒருவர் தன்னிடமிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அரிசி வாங்கினார். மீதியில் நான்கில் ஒரு பங்குக்குக் காய்கறி வாங்கினார். இப்போது கையில் 300 ரூபாய் இருக்கிறது. முதலில் எவ்வளவு இருந்தது?

சட்டென்று 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டி 7/12 என்பார்கள். மிச்சம் 5/12, அது 300, ஆக 720. கணக்கு சுத்தம், விடை தப்பு. ‘மீதியில்’ என்ற சொல்லை விழுங்கியாயிற்று. தேர்ந்தெடுக்கக் கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்றாக அந்த 720 காத்துக்கொண்டிருக்கும். நம் பிள்ளை எங்கே விழும் என்று கேள்வி எடுப்பவருக்குத் தெரியும்.

அதனால் என் திண்ணையில் ஒரு சட்டம்: கேள்வியை வாசித்ததும் பேனாவைக் கீழே வை. என்ன நடந்தது என்று கதையாகச் சொல். முதலில் என்ன வாங்கினார், அப்புறம் கையில் என்ன இருந்தது, அதில் எவ்வளவு போனது? சொல்ல வந்தால்தான் பேனா.

அடுத்தது படம். ஒரு நீளக் கட்டம் போட்டு மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று அரிசிக்கு, அதை அடித்துவிடலாம். மிஞ்சிய இரண்டையும் பாதி பாதியாக வெட்டினால் நான்கு சின்னக் கட்டம். ஒன்று காய்கறிக்கு. மிச்சம் மூன்று கட்டம் 300 என்றால் ஒரு கட்டம் 100. அரிசிக் கட்டத்தையும் இதே அளவில் வெட்டினால் இரண்டு. மொத்தம் ஆறு, 600 ரூபாய். எக்ஸ், ஒய் என்று சமன்பாடு கற்றுக்கொடுக்க அவசரப்படாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கட்டம் போதும்.

கயிற்றுக் கணக்குக்குப் படம்கூட வேண்டாம். 20 மீட்டர் கயிற்றை 2 மீட்டர் துண்டுகளாக்க எத்தனை முறை வெட்ட வேண்டும்? பத்து என்று சொன்னால் நூலும் கத்தரிக்கோலும் கையில் கொடுங்கள். ஒன்பதாவது வெட்டில் பிள்ளை தானே சிரிக்கும்.

ஒரு குறுக்குவழி இருக்கிறது: விடையிலிருந்து பின்னோக்கிப் போவது. 600ஐ வைத்துப் பார்: அரிசிக்கு 200, மீதி 400, காய்கறிக்கு 100, கையில் 300. முடிந்தது. ஆனால் கட்டம் போட்டுப் பழகிய பிறகுதான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். முன்பே சொன்னால் யோசிப்பதை விட்டுவிட்டு நான்கு விடையையும் மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேரம் 150 நிமிடம். மொழிக்கும் பொது அறிவுக்கும் கால் கால் மணி போதும். நுண்ணறிவுக்கு 35, கணக்குக்கு 75, மிச்சம் சரிபார்க்க. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது.

கடைசியாக, பேனா. ஐந்தாம் வகுப்பு வரை பென்சிலும் ரப்பருமாக இருந்த கை, ஓ.எம்.ஆர் தாளில் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் நிரப்ப வேண்டும். அழிக்க முடியாது. வீட்டில் முதல் நாளிலிருந்தே பேனாதான். ஐந்து கேள்விக்கு ஒரு தரம் நிரப்பச் சொல்லுங்கள். மொத்தமாகக் கடைசியில் நிரப்பினால் 37க்கான விடை 38இல் போய் உட்காரும், அதன் பின்னால் வருவதெல்லாம் வரிசையாகத் தள்ளிப்போகும்.