ஆபத்தை அளந்து பார்ப்போம்: நான்கு கேள்விகள்



நாம் புலம்பெயர்ந்து வாழும் பிரித்தானியாவில் வாரத்துக்கு ஒரு பயம் வந்து போகிறது. பத்திரிகை ஓர் உணவைக் காட்டிப் பயமுறுத்துகிறது. வைத்தியர் ஒரு சதவீதக் கணக்கைச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர், "ஒரு பயமும் இல்லை, காசைப் போடுங்கோ" என்கிறார். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், வேண்டாததற்கு நித்திரை கெடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆபத்தைப் பெருமளவுக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதற்குச் சிறுவகுப்புக் கணிதமும் நான்கு கேள்விகளும் போதும்.

1. எத்தனை பேரில் எத்தனை பேர்?

1995 ஒக்டோபரில் பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள், நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்பதே அது. "இரு மடங்கு" என்ற சொல் எங்கும் பரவியது. பல பெண்கள் அஞ்சி மாத்திரையை நிறுத்திவிட்டனர்.

இரு மடங்கு என்பது பொய்யன்று. ஆனால் எதன் இரு மடங்கு? பழைய வகை மாத்திரையை எடுத்த 7,000 பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நோய் வந்தது. புதிய வகையை எடுத்த 7,000 பேரில் இருவருக்கு வந்தது. கூடியது 7,000 பேருக்கு ஒருவர் மட்டுமே. அந்தப் பயத்தின் விளைவாக, அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் மேலதிகமாக நடந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் ஆபத்தோ மாத்திரையால் வரும் ஆபத்திலும் அதிகம்.

ஆகவே "இரு மடங்கு", "ஐம்பது சதவீதம் கூடியது" என்று எவர் சொன்னாலும், "எத்தனை பேரில் எத்தனை பேராக இருந்தது? இப்போது எத்தனை பேர்?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அந்தச் செய்தியை அரைச் செய்தியாகவே கொள்ளுங்கள்.

2. எவ்வளவு காலத்துக்குள்?

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையுள்ளோரில், ஏற்கெனவே இருதய நோய், சலரோகம் போன்றவை இல்லாதவர்களைத் தேசிய சுகாதார சேவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனைக்கு அழைக்கிறது. வயது, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், புகைத்தல், இனம் முதலியவற்றைக் கணக்கிட்டு, "உங்கள் ஆபத்து 10 சதவீதம்" என்பது போல ஒரு விடை சொல்வார்கள்.

இதைக் கேட்டு ஒருவர் நாளைக்கே மாரடைப்பு வந்துவிடும் என நடுங்குவார். மற்றவர், "தொண்ணூறு சதவீதம் பயமில்லை" என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் போடுவார். இருவரும் காலத்தைக் கேட்க மறந்துவிட்டார்கள். இதன் பொருள் இதுதான்: இவரைப் போன்ற 100 பேரை எடுத்தால், அடுத்த 10 ஆண்டுகளுக்குள் 10 பேருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வரும். 90 பேருக்கு அக்காலத்தில் வராது. பத்து ஆண்டு கழிந்ததும் வயதும் கூடும், கணக்கும் மாறும்.

இதே முறையில் மருந்தின் பயனையும் கேட்கலாம். அந்த 100 பேரும் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பத்து ஆண்டு எடுத்தால், பத்தில் ஏறக்குறைய 4 பேர் தப்புவர், 6 பேருக்கு வரும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று வைத்தியரோடு இருந்து பேச இந்த எண்கள் உதவும். புகைப்பவர் அதை விடுவதும், உடல் எடையைக் கவனிப்பதும் அதே கணக்கைக் குறைக்கும் வழிகளே.

3. இதை விட்டால் பதிலாக எதைச் செய்வோம்?

2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவில் பலர் விமானத்தில் ஏற அஞ்சித் தூர இடங்களுக்கும் காரில் சென்றனர். ஜேர்மனிய உளவியலாளர் கேர்ட் கிகரென்சர் வீதி விபத்துக் கணக்குகளை ஆராய்ந்தார். அடுத்த 12 மாதங்களில், இந்த மாற்றத்தால் சுமார் 1,500 பேர் மேலதிகமாக வீதியில் இறந்தனர் என்பது அவரது மதிப்பீடு.

ஒரே நாளில் பலர் இறப்பது மனதை உலுக்குகிறது. நாள்தோறும் ஒருவர் இருவராக இறப்பது பழகிப்போகிறது. ஆபத்து அறவே இல்லாத தெரிவு கிடைப்பது அரிது. ஒன்றைத் தவிர்க்கும்போது அதனிடத்தில் வருவதையும் தராசில் வைக்க வேண்டும். நள்ளிரவு வரை நீளும் கொண்டாட்டம் முடிந்து, நித்திரைக் கண்ணோடு கார் ஓட்டி வீடு திரும்புபவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

4. நடந்துவிட்டால் தாங்குமா?

நம்மவர்க்கு நன்கு தெரிந்த ஏலச்சீட்டையே எடுப்போம். 20 பேர், மாதம் 500 பவுண், சீட்டுத் தொகை 10,000 பவுண். கடைசியாக எடுப்பவர் மாதாமாதம் கழிவு போக மொத்தம் 9,200 பவுண் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 800 பவுண் ஆதாயம். இப்படி 20 குடும்பங்கள் 20 வெவ்வேறு சீட்டுகளில் கடைசி மாதத்துக்குக் காத்திருக்க, ஒரு சீட்டு மட்டும் அந்த மாதத்தில் முறிகிறது எனக் கொள்வோம்.

19 குடும்பங்களின் ஆதாயம் 15,200 பவுண். ஒரு குடும்பத்தின் நட்டம் 9,200 பவுண். கழித்துப் பார்த்தால் மீதி 6,000. குடும்பத்துக்குச் சராசரி 300 பவுண் ஆதாயம்! ஆனால் அந்தச் சராசரியைப் பெற்ற குடும்பம் ஒன்றுமில்லை. நட்டப்பட்ட வீட்டில் அது மகளின் படிப்புச் செலவாகவோ வீட்டுக்கடன் தவணையாகவோ இருந்தால், மற்ற 19 வீடுகளின் ஆதாயம் அவர்களுக்கு ஆறுதலாகாது.

வங்கி வைப்பு அப்படியன்று. அனுமதி பெற்ற வங்கி முறிந்தால், 2025 டிசம்பர் 1 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 120,000 பவுண் வரை ஈடுசெய்யும் திட்டம் இங்குண்டு. சீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. சீட்டே கூடாது என்பதன்று இதன் பொருள். இழந்தால் தாங்கக்கூடிய தொகையையே போடுங்கள். வரப்போகும் ஆதாயத்தை எண்ணி முதலை இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கார் என்று, "தெரிந்து செயல்வகை" அதிகாரத்தில் திருவள்ளுவரும் அறிவுறுத்துகிறார்.

பயிற்சி (பிள்ளைகளோடு இருந்து செய்து பாருங்கள்)

அ. மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் செல்லும் 100 பெண்களில் சுமார் 4 பேர் மேலும் சோதிக்க அழைக்கப்படுகின்றனர். அந்த நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் காணப்படுகிறது. ஓர் அம்மாவுக்கு மீண்டும் வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அவர் எவ்வளவு பயப்பட வேண்டும்?

ஆ. தேசிய லொத்தர் 1994 நவம்பரில் 49 எண்களோடு தொடங்கியது. ஆறு எண்களும் பொருந்தும் வாய்ப்பு 1,39,83,816 இல் ஒன்று. 2015 ஒக்டோபரில் எண்கள் 59 ஆகியபோது, அது 4,50,57,474 இல் ஒன்றானது. வாய்ப்பு எத்தனை மடங்கு குறைந்தது?

விடைகள்

அ. நால்வரில் மூவருக்குப் புற்றுநோய் இல்லை. ஆகவே கடிதத்தைக் கண்டதும் மனமுடைய வேண்டாம். ஆனால் நால்வரில் ஒருவர் என்பது சிறிய எண்ணன்று. குறித்த நாளில் தவறாமல் செல்ல வேண்டும்.

ஆ. மூன்று மடங்குக்கும் சற்று அதிகம்.

எத்தனை பேரில் எத்தனை பேர்? எவ்வளவு காலத்துக்குள்? இதை விட்டால் பதிலாக எது? நடந்தால் தாங்குமா? இந்த நான்கையும் ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். அடுத்த கடிதமோ, அடுத்த தலைப்புச் செய்தியோ, அடுத்த "நல்ல முதலீடோ" வரும்போது பயன்படும்.