இலவசம் மட்டும் போதுமா?

இலவச மருத்துவ முகாம் என்று அறிவித்துவிட்டால் தோட்டப்புற மக்கள் திரண்டு வருவார்கள் என நம்மில் பலர் எண்ணுகிறோம். மதுரை கண்ட அனுபவம் வேறு.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 58ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே கண்புரை அறுவை செய்தவர் அவர். (ஓய்வுபெற்ற அன்பர்கள் கவனிக்க!) கிராமங்களில் முகாம் நடத்திப் புரையைக் கண்டறிந்தார்கள்; அறுவையும் இலவசம் என்றார்கள். அப்படியும் பலர் வரவில்லை. பேருந்துச் செலவு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, எல்லாவற்றுக்கும் மேலாக அச்சம். ஆகவே, முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். ஊரார் சேர்ந்து போனதால் பயமும் தணிந்தது. கட்டணம் செலுத்துவோர் தந்த வருவாய் ஏழைகளின் செலவைத் தாங்கியது. 1992இல் ஆரோலேப் தொழிற்கூடத்தை நிறுவி, விழிவில்லைகளையும் மலிவாகத் தயாரித்தார்கள்.

நம் அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்குச் சிகிச்சைக் கட்டணம் சொற்பமே. ஆனால், பாசிர் பெனம்பாங்கில் தனித்திருக்கும் ஒரு பாட்டி கிள்ளானுக்குப் போய்வர யார் துணை? அன்னதானத்திற்கு உபயம் ஏற்கும் அன்பர்கள் ஒரு வேன் பயணத்திற்கும் உபயம் ஏற்கலாம். வேனோடு கூடப் போய், மருத்துவமனையில் உடனிருக்க ஓர் ஆளும் வேண்டும்.